மெதுவாக வரும் லாபம்

போக்கர் சீட்டாட்டக் கிளப்பில் பந்தயச் சில்லுகளை வாரிக்கொண்டு, வரம்பே இல்லாத நோ-லிமிட் மேசைக்கு விரைந்த தேவசகாயத்தின் கையை, லிமிட் மேசையில் எப்போதும் உடன் ஆடும் முபாரக் எட்டிப் பிடித்தான்.

"லிமிட்லயே உட்காருங்கண்ணே. பந்தயத்துக்கு ஒரு வரம்பு இருக்கு. லாபம் மெதுவா வரும்."

"நாலு மணிக்குள்ள கடனைக் கட்டலேன்னா வீட்டை எழுதிக் குடுக்கணும்டா. மெதுவா வந்து என்னத்துக்கு?"

கையை உதறிவிட்டுப் போனார். ஒரே ஆட்டத்தில் அத்தனையும் எதிராளி பக்கம் போய்விட்டது. திரும்பி வந்து முபாரக்கின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமா உன்னைப் பார்த்துத்தான் லிமிட்ல ஆடினேன். அதுலயே இருந்திருக்கணும். நீ எவ்வளவுடா சம்பாதிச்ச?"

முபாரக் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாசம் பதினெட்டாயிரம்ணே. மேசை நிறைஞ்சு தெரியணும்னு காலி நாற்காலியில உட்கார்றதுக்குக் கிளப் குடுக்குற சம்பளம். சில்லு அவங்களோடது. ஆட்டத்துல ஜெயிச்சு ஒரு ரூபா நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்ல."