கற்பூரம் தெறித்த புடவை

அம்மனுக்குச் சாத்திய புடவையைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் மூன்றாவது கவுண்டரில் சிரித்தபடி நின்றிருந்தாள்.

பட்டுக்கடை வாசலில் செருப்பைக் கழற்றிய பிரவீனா அப்படியே நின்றுவிட்டாள். அதே அரக்கு நிறம், அதே மாம்பழ மஞ்சள் கரை, கரையில் அதே அன்ன வரிசை. போன தை மாதம், மகன் டெங்குவிலிருந்து பிழைத்து வந்ததற்காக அவள் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு போய் வேண்டுதல் செலுத்திய புடவை. கடை முதலாளியான அவள் கணவர் கலியாணசுந்தரமே எடுத்து, பெட்டியில் வைத்துக் கொடுத்தது. விலை நாற்பத்தைந்தாயிரம்.

அந்தப் பெண் ஜீவிதாவைக் கண்டாலே அவளுக்கு முதல் நாளிலிருந்து ஆகாது. வாலாஜாபாத்திலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வருகிற பெண். வாங்குவது பதினோராயிரம் சம்பளம். ஆனால் யூனிஃபார்ம் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் அவள் வந்து நிற்கிற தோரணையைப் பார்த்தால் கடையே அவளுடையது என்று தோன்றும். ஜாக்கெட், டெய்லர் கடையில் மிஞ்சிய துண்டுகளை இணைத்து அவளே தைத்தது. ஜிமிக்கி முப்பது ரூபாய். இஸ்திரிக் காசை மிச்சம் பிடிக்க புடவையை இரவெல்லாம் பாய்க்கடியில் மடித்து வைப்பாளாம்; கொசுவம் மட்டும் கத்தி மாதிரி நிற்கும். போன வாரம் ஒரு வாடிக்கையாளர், அசல் பட்டில் நின்ற பிரவீனாவைத் தாண்டிப் போய், அந்தப் பொண்ணு கட்டியிருப்பது மாதிரி எடுங்கள் என்று கேட்டிருந்தார். அது இன்னும் அவளுக்குச் செரிக்கவில்லை.

இன்று ஜீவிதா வசமாக மாட்டிக்கொண்டாள்.

கடை நடுவில், மெத்தை விரிப்பில், வேலூரிலிருந்து முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கலியாணசுந்தரம் வழக்கம்போல அவர்களுக்கு அசல் பட்டுக்கான சோதனையைக் காட்டிக்கொண்டிருந்தார். புடவை நுனியிலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் பிடித்தார். தலைமுடி கருகுகிற வாசனை வந்தது. சாம்பலை விரலால் நசுக்கி, அது பொடிப்பொடியாய் உதிர்வதைத் தட்டில் காட்டினார். கல்யாணப் பெண்ணின் அம்மா திருப்தியாய்த் தலையாட்டினாள்.

பிரவீனா நேரே போய் ஜீவிதாவின் முந்தானையைப் பிடித்தாள்.

"இது ஏதுடி உனக்கு?"

"கோயில் ஏலத்துல எடுத்தது மேடம்."

அம்மனுக்கு வருகிற புடவைகளைக் கோயிலில் ஏலம் விடுவது ஊருக்கே தெரிந்ததுதான். வாங்கி நான்கு நாள்தான் ஆகிறது என்று சொல்லி, ஜீவிதா பர்ஸிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினாள். நானூற்றைம்பது ரூபாய் என்று இருந்தது.

பிரவீனா சிரித்தாள். "நாப்பத்தஞ்சாயிரம் ரூபா புடவைய நானூத்தம்பதுக்குக் குடுக்க அவங்க என்ன ஏமாளிங்களா? வேற எதுக்கோ போட்ட சீட்டைக் காட்டிட்டு எம் புடவைய அமுக்கிக்கினு வந்திருக்க."

போலீஸைக் கூப்பிடுவேன் என்றாள். உன் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்வேன் என்றாள். மற்ற விற்பனைப் பெண்கள் விரித்த புடவையை மடிக்காமல் நின்றார்கள். ஜீவிதாவின் முகம் வெளுத்துவிட்டது. திருட்டுப் பட்டம் வந்தால் இந்த வேலை மட்டுமல்ல, இந்தத் தெருவில் எந்தக் கடை வேலையும் கிடைக்காது.

கலியாணசுந்தரம் எழுந்து வந்தார். ஒரு குண்டூசி டப்பா காணாமல் போனாலும் சம்பளத்தில் பிடிக்கிற மனிதர்.

"ரசீதுதான் இருக்குதே, வுடு பிரவீனா. ஒரே மாதிரி நூறு புடவை இருக்கும்."

அந்தக் குரலின் மென்மை பிரவீனாவைச் சுட்டது. என்றைக்கும் இல்லாத கருணை இவளிடம் மட்டும் எங்கிருந்து வந்தது?

"ஒரே மாதிரி இல்ல. அதேதான்."

அவளிடம் அத்தாட்சி இருந்தது. அன்று சந்நிதியில், ஆரத்தித் தட்டிலிருந்து கற்பூரம் தெறித்து முந்தானையில் விழுந்தது. பதறிப்போன அவளை, அம்மனே தொட்டு ஏற்றுக்கொண்ட அடையாளம் என்று குருக்கள்தான் தேற்றினார். ஆறு மாதமாக, மகனுக்கு லேசாக உடம்பு சுட்டால்கூட அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டுதான் அவள் தூங்குகிறாள்.

முந்தானையை உதறி உதறித் தேடினாள். கிடைத்தது. மிளகளவு ஓட்டை. அதன் ஓரம் கறுத்து, கடுகு ஒட்டியது போலக் கெட்டியாய் விரலில் நெருடியது.

முந்தானையோடு ஜீவிதாவையும் இழுத்துக்கொண்டு போய் வேலூர் அம்மாவின் முன்னால் நிறுத்தினாள்.

"நீங்களே பாருங்கம்மா. கற்பூரம் பட்ட ஓட்டை. இந்தக் கடைப் புடவை, எங்க வூட்டுக்காரர் தன் கையால எடுத்துக் குடுத்தது. அம்மன் மேல சத்தியமா சொல்றேன்."

அந்த அம்மாள் முந்தானையை வாங்கி, ஓட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அது உதிரவில்லை. தட்டில் இருந்த சாம்பலைப் பார்த்தாள். பிறகு கலியாணசுந்தரத்தைப் பார்த்தாள். மடியிலிருந்த முகூர்த்தப் புடவையை மெல்ல எடுத்துக் கீழே வைத்தாள்.

"என்னம்மா, பேச மாட்டேன்றீங்க?" என்றாள் பிரவீனா.

கலியாணசுந்தரம் தீப்பெட்டியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஜீவிதா முந்தானையை வாங்கித் தோளில் போட்டு, மடிப்பைச் சரிசெய்து, பின்னைக் குத்திக்கொண்டாள்.

"பட்டுன்னா சாம்பலாத்தான் உதிரும் மேடம். உருகாது."