வெல்க்ரோ சத்தம்

"வரிசையை விட்டு வெளியே வா, ஃபின்லே!"

பேக்பைப் பேண்டின் தலைவர், பைப் மேஜர் லாக்லன் போட்ட அதட்டலில், பக்கத்தில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த வேற்றூர் பேண்ட்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஃபின்லே வெளியே வந்தான். போட்டி தொடங்க இன்னும் கால் மணி நேரம்தான். மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி ஷோனா, இடுப்பில் குழந்தையோடு. பேண்டில் இந்த இடத்துக்காக அவன் மூன்று வருஷம் காத்துக் கிடந்திருந்தான்.

"என்னடா கட்டிக்கிட்டு வந்திருக்கே?"

"கில்ட்தான் மேஜர். நம்ம பேண்டோட கட்டம்தானே போட்டிருக்கு" என்று முழங்கால் வரை தொங்கிய ஸ்காட்லாந்துப் பாவாடையைத் தொட்டுக் காட்டினான்.

"பக்கத்துக்கு ஒரு பாக்கெட். எதுக்கு? உருளைக்கிழங்கு அள்ளிப் போடவா?"

வரிசையில் குபீரென்று சிரிப்பு.

"எட்டு கஜம் கம்பளி. கையால தைச்ச கொசுவம். மடிச்சாலும் கட்டம் கலையக் கூடாது. இடுப்புல மூணு தோல் வார், மூணு பக்கிள். அதுக்குப் பேர்தான் கில்ட். இதை எதால மாட்டியிருக்கே? அட, வெல்க்ரோ! பிள்ளைங்க செருப்புக்குப் போடறதை இடுப்புல போட்டுக்கிட்டு நிக்கறான் பாரு!"

ஃபின்லேவுக்குக் காது சூடேறியது.

"ஆதியில கொசுவத்தைத் தைக்கவே இல்ல மேஜர். போர்வை மாதிரி சுத்தி, மேல ஒரு பெல்ட்டைக் கட்டினாங்க. முதமுதல்ல ஒருத்தன் தைச்சப்போ அதுவும் புதுசுதான். நீங்க இருந்திருந்தா அவனையும் வெளியே நிறுத்தியிருப்பீங்க."

"கண்டிப்பா நிறுத்தியிருப்பேன். வெல்க்ரோ கட்டினவன் எவனும் என் பேண்டுல நடக்க மாட்டான். டிரம்மைக் கழற்று."

ஃபின்லே கழற்றினான். ஷோனா இருக்கும் பக்கம் தலையைத் திருப்பவே அவனுக்குத் தைரியம் வரவில்லை.

லாக்லன் வரிசையில் ஒவ்வொருவர் இடுப்பு வாரையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் நின்றவர் பெரிய டிரம் அடிக்கும் மர்டோ. முப்பது வருஷமாக அவருக்கு அதே இடம். அந்தப் பெரிய டிரம்முக்குப் பின்னால் லாக்லன் குனிந்தார்.

பர்ர்ர்ரக்!

எல்லாருக்கும் கேட்டது. சந்தேகமே வேண்டாம், வெல்க்ரோ பிரிகிற சத்தம்.

ஃபின்லே விடுவானா?

"யாரோடது அது? எனக்கொரு சட்டம், இன்னொருத்தருக்கு ஒரு சட்டமா? யாரா இருந்தாலும் வெளியே வரச் சொல்லுங்க மேஜர்! இப்பவே!"

குனிந்த லாக்லன் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது ஒரு கையால் தன் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தார். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது.

"என்னோடதுதான்."

"என்னது?"

"என்னோடதுதான்டா! வயிறு பெருத்துப் போச்சு. பக்கிள் எட்டல. போதுமா?"

வரிசை முழுக்க வெடித்துச் சிரித்தது.

"மேஜர், உருளைக்கிழங்கை எங்கே வெச்சிருக்கீங்க?" என்றான் ஒருத்தன்.

"அப்போ நானும் நடக்கலாம்தானே?" ஃபின்லே விறைப்பாகக் கேட்டான்.

"நட" என்றார் லாக்லன்.

ஒன்பது பேண்டில் மூன்றாம் இடம் கிடைத்தது. ஷோனா குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். ஆனாலும் ஃபின்லேவுக்கு மனசு ஆறவில்லை. உபதேசம் ஊருக்கு, வெல்க்ரோ தனக்கா? அத்தனை பேர் எதிரில் என்னை அவமானப்படுத்தினாரே! இந்த வேஷத்தைப் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பினால்தான் ஆத்திரம் தீரும்.

உடை மாற்றும் கூடாரத்தில் லாக்லனின் கில்ட் கயிற்றில் தொங்கியது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஃபின்லே அதன் இடுப்புப் பட்டியைப் புரட்டினான்.

மூன்று தோல் வார். மூன்று பக்கிள். பக்கிள் அழுத்தி அழுத்தித் தோலில் பள்ளமே விழுந்திருந்தது. உள்ளும் புறமும் தடவினான். வெல்க்ரோ ஒரு விரல் அகலம்கூட இல்லை.

சட்டென்று திரும்பிப் பார்த்தான்.

கூடார மூலையில் மர்டோ, முடக்குவாதம் வளைத்துப்போட்ட விரல்களோடு ஒரு சட்டைப் பொத்தானிடம் மல்லாடிக்கொண்டிருந்தார். ஒரு கண்ணும் அந்தப் பக்கம் போய்விடாதபடி குறுக்கே நின்று, தன் வயிற்றைத் தானே தட்டித் தட்டி, எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார் லாக்லன்.