வண்டுச் சத்தம்

மானிப்பாயில், உளவள ஆலோசகர் அனுஜாவின் அறை. போரின் நினைவு தூங்கவிடாத பாலேஸ்வரியின் முகத்துக்கு நேரே அனுஜாவின் இரண்டு விரல்கள் இடமும் வலமுமாக அசைகின்றன. தலையைத் திருப்பாமல் பாலேஸ்வரியின் கண்கள் மட்டும் அவற்றின் பின்னால் ஓடுகின்றன, அதுதான் சிகிச்சை. கை சேலைத் தலைப்பை முறுக்குகிறது, செருப்பு நிலத்தைத் தேய்க்கிறது. வெளியே, உயரத்தில், ஏதோ இரையத் தொடங்குகிறது. குண்டு விழுமுன் வேவு பார்க்க வரும் ஆளில்லா விமானத்தை வன்னியில் எல்லோரும் வண்டு என்றுதான் சொல்வார்கள். பாலேஸ்வரியின் கண்கள் விரல்களை விட்டுக் கூரைக்குப் பாய்கின்றன. “உது பக்கத்துக் கலியாண வீட்டு ட்ரோன் கமரா, அக்கா. விரலைப் பாருங்கோ.” பாலேஸ்வரி பார்வையை இறக்குகிறாள். விரல்கள் அந்தரத்தில் அசையாமல் நிற்கின்றன. “ஓம், பாக்கிறன். முதல் நீங்கள் கூரையை விட்டுக் கீழை பாருங்கோ, பிள்ளை.”