அவள் கணக்குக்கு மட்டும்

மூன்று மணிக்கு வாடிக்கையாளர் வந்துவிடுவார். அவர் கண்முன்னே பரிவர்த்தனை ஓட வேண்டும். ஓடாவிட்டால் இரண்டு வருட வேலை அம்போ. அவள் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் 'தோல்வி' என்றே வந்தது.

"பரிவர்த்தனைக் கட்டணம் போதுமான்னு பாத்தீங்களாக்கா?" என்றாள் புதிதாகச் சேர்ந்த பக்கத்து மேசைக்காரி.

"ரெட்டிப்பாவே வச்சாச்சு. நெட்வொர்க்கும் சரிதான்."

"என் கணக்குலேருந்து போகுதே! உங்களைக் கண்டாத்தான் அதுக்கு ஆகலையோ?"

"நக்கலா? நம்ம ஜாவாஸ்கிரிப்ட் கோடு காரணத்தை முழுங்கிட்டு வெறும் தோல்வின்னு காட்டுது. இரு, கக்க வைக்கிறேன்."

ஒரு வரி சேர்த்து மறுபடி அழுத்தினாள். பரிவர்த்தனையை ஏற்பதா மறுப்பதா என்று தானே முடிவுசெய்யும், பிளாக்செயினில் ஏற்றிய நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்ட் திருப்பியனுப்பிய காரணம் திரையில் வந்தது:

'மணி ஒண்ணு தாண்டிடுச்சு. ரெண்டு வரைக்கும் நீ எது அனுப்பினாலும் வாங்க மாட்டேன். போய்ச் சாப்பிடு.'

பக்கத்து மேசைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "எந்த மகானுபாவன்க்கா எழுதினது?"

"எங்க வீட்டுக்காரர். இதே ஆபீஸ்தான். ஒரு மணிக்கு மேல என்னை நாற்காலியில உக்கார விடமாட்டார்."

"போன் போட்டு நாலு கேள்வி கேளுங்க. அந்த வரியையும் எடுக்கச் சொல்லுங்க."

"அவர் போய் ஒரு வருஷமாச்சுடி. ஆனா அந்தப் பழக்கம் என்னை விடல; இன்னிக்குத்தான் முதல் தடவையா ஒரு மணி தாண்டி உக்காந்திருக்கேன்."

சிரிப்பு சட்டென்று நின்றது. "மன்னிச்சுக்கங்கக்கா, தெரியாது... நாமளே அந்த வரியை எடுத்துடலாமா?"

"ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டை ஒரு தடவை ஏத்திட்டா யாராலும் மாத்த முடியாது. எழுதினவராலயே முடியாது."

அவள் சிரித்தபடி டிபன் பாக்ஸைத் திறந்தாள். "வா, சாப்பிடலாம். ரெண்டு மணிக்குத் தானா வழி விடுவார்."