ஏரியா விமர்சனம்

பகலவனின் ஆல்பம் வந்து ஒரு வாரத்தில் ஊர் உலகமே அழுதுவிட்டது. அவனுடைய சொந்த ஏரியா கல்மண்டபம் மட்டும் அழவில்லை.

அவனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

துறைமுகத்து லாரியையும் எண்ணூர்ச் சாம்பலையும் பாடியே பெரிய ராப் பாடகனானவன் அவன். 'கடைசி நங்கூரம்' என்று ஒரு ஆல்பத்தைப் போட்டு, இதோடு பாட்டுக்கு முழுக்கு என்று அறிவித்துவிட்டான். "உச்சத்தில் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும்" என்று பேட்டியும் கொடுத்தான்.

துபாயிலிருந்து ஒருத்தி அழுதுகொண்டே வீடியோ போட்டாள். ஒரு பத்திரிகை 'ஒரு யுகத்தின் முடிவு' என்றது. கோயம்புத்தூரில் ஒருவன் பகலவனின் முகத்தை முதுகில் பச்சை குத்திக்கொண்டான். மூக்கு மட்டும் வேறு யாருடையதோ.

அயலாரே இப்படி என்றால் சொந்த ஏரியா எப்படிக் கதறுமோ என்ற கவலையோடு பகலவன் தெருவில் இறங்கினான். கூட்டம் மொய்த்துவிடக் கூடாதே என்று தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தான்.

தெருமுனை தாண்டியதும் தொப்பியைக் கழற்றினான். மார்க்கெட் வாசலில் கண்ணாடியையும் கழற்றினான். அப்போதும் ஒருவரும் மொய்க்கவில்லை.

உள்ளுக்குள் அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. "போவாத நைனா" என்று நாலு பேர் கையைப் பிடித்தால் போதும். மக்களுக்காகத் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிடலாம். அதற்குப் போஸ்டர்கூட ரெடி. கண்ணாடி முன்னால் நின்று கண் கலங்கியும் பார்த்தாயிற்று. இடது கண் நன்றாகவே கலங்கியது. வலதுதான் ஒத்துழைக்கவில்லை.

முதலில் டில்லிபாபுவின் டீக்கடைக்குப் போனான். பள்ளிக்கூடத்திலிருந்தே தோஸ்து.

"இன்னா மாமு, ஆல்பம் கேட்டியா?"

"கேட்டேன் கேட்டேன்." டில்லிபாபு டீயை ஆற்றினான். "ஒரே எரச்சலா கீது."

"கடைசிப் பாட்டு?"

"அதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ட்டேன். நல்ல முடிவு எட்த்த நைனா. இத்தோட நிறுத்திக்கோ."

"டீ கேவலமா கீது" என்றான் பகலவன். முழுசாகக் குடித்துவிட்டுத்தான் சொன்னான்.

அடுத்து தையல் கடை ஷரீஃபுன்னிசா அக்கா. அவன் மேடைச் சட்டை எல்லாம் அவள் தைத்ததுதான்.

"வூட்ல போட்டேன்பா" என்றாள். "பூனை எந்திரிச்சுப் போயிடுச்சு."

கடைசியில் அத்தையிடம் போனான். கெங்கம்மா, அவன் அப்பாவின் அக்கா. தாயில்லாத அவனை மீன் விற்று வளர்த்தவள். ஆல்பத்தின் கடைசிப் பாட்டே அவளைப் பற்றியதுதான். அவள் கட்டாயம் அழுதிருப்பாள்.

அத்தை சங்கரா மீனைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அத்தே, பாட்டு கேட்டியா?"

"உம்."

"உம்னா?"

"காதுல வுழுந்துச்சு. மனசுல ஒண்ணும் நிக்கல. நிறுத்திட்டல்ல, சொம்மா கெட."

"உன்னப் பத்திப் பாடிக்கீறேன் அத்தே."

"நானா பாடச் சொன்னேன்?"

பகலவனுக்குச் சுருக்கென்றது. முகம் தெரியாத துபாய்க்காரி அழுகிறாள். வளர்த்தவள் செதில் சுரண்டுகிறாள். ஒருத்தன் மேலே போனால் சொந்த ஊருக்குத்தான் முதலில் வயிறு எரியும் போலிருக்கிறது.

"எல்லாருக்கும் பொறாமை" என்றான். "பாத்துக்கினே இரு. வர ஞாயித்துக்கெழம காத்திவாக்கத்துல மேடை போடறேன். மொத்த ஆல்பத்தையும் பாடறேன். அப்பால சொல்லுங்க, நிக்குதா இல்லியானு."

சொல்லும்போதே தொண்டை கரகரத்தது. டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. தொண்டைக்குள் கட்டி இருக்கிறது, இனி மேடையில் கத்தினால் பேச்சே போய்விடலாம் என்றிருந்தார். உச்சம், இறக்கம் எல்லாம் பேட்டிக்குச் சொன்னது. உண்மையை அவன் மனைவி செங்கொடியிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது யோசித்தால், அந்த டாக்டருக்கும் பொறாமைதானோ என்று தோன்றியது.

அத்தையின் கை நின்றது. எழுந்து கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒக்காரு."

உட்கார்ந்தான்.

"உன் தொண்ட சமாச்சாரம் செங்கொடிக்குத் தெரியும்டா. நீ இருமுறதப் பாத்துட்டு, டாக்டராண்ட போயி கேட்டுக்கீது. ஆல்பம் வர்றதுக்கு முந்தின நாளு கடை கடையா வந்து நின்னுச்சு. 'நல்லா கீதுனு ஒரே ஒருத்தர் சொன்னாப் போதும், அவரு மறுபடி மைக்க தூக்கிடுவாரு. உங்களக் கையெடுத்துக் கும்புடறேன், யாரும் சொல்லிடாதீங்க'ன்னுச்சு."

பகலவன் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அந்த டில்லி கீறானே, கடைசிப் பாட்டக் கேட்டுட்டு ஷட்டர இறக்கிவுட்டு உள்ள ஒக்காந்து அழுதான். உன்னாண்ட பொய் சொல்றதுக்குள்ள அவன் பட்ட பேஜாரு அவனுக்குத்தான் தெரியும்."

பகலவன் தலையைக் குனிந்துகொண்டான். இந்த முறை இரண்டு கண்ணும் கலங்கின. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப, நல்லாதான் கீதா அத்தே?"

அத்தை மறுபடி மீனைக் கையில் எடுத்தாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள். "பாட்ட இனிமே ஊரு வச்சுக்கட்டும். எனக்கு, 'அத்தே'னு கூப்புட அந்தக் கொரலு வேணும்டா."