அசனத்துக்கு முந்தின மத்தியானம்

"சொன்னாக் கேளுங்க மைனி, இந்த வருஷம் போவாண்டாம், அண்ணன்—"

"அருவாமணையைக் கீழ வச்சிட்டுப் பேசு, எப்சிபா."

"அண்ணன் போயி ஏழு மாசங்கூட—"

"எனக்கு மாசம் எண்ணத் தெரியும்."

எப்சிபா அரிவாள்மணையைக் கீழே வைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒளித்துப் பிடித்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். அண்ணன் பெண்டாட்டியை எதிர்த்து அவள் நிற்பது அறுபத்திரண்டு வயதில் இதுதான் முதல் தடவை.

நாளைக்கு அசனம். சபை முழுக்கக் கோயில் வளாகத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். முந்தின மத்தியானம் பெண்கள் கூடிக் காய் வெட்டுவார்கள். வெட்டி முடியும்வரை பாட்டு ஓயாது. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் மட்டும் வருஷம் திரும்பும்வரை அந்தப் பக்கம் போவதில்லை. சோறும் சாம்பாரும் வாளியில் வீடு தேடி வரும்.

முப்பத்தெட்டு வருஷமாக அந்தப் பாட்டை எடுத்துக் கொடுத்தவள் மைனிதான்.

"எல்லாரும் சந்தோஷமாப் பாடிக்கிட்டு இருப்பாவ. நடுவுல நீங்க எப்படி மைனி..."

"அதுக்குத்தான் போறேன்."

"ஊரு என்ன சொல்லும்?"

"காலையில கட்டில விட்டு எழுந்திரிக்க முடியல எனக்கு. ஊரா வந்து தூக்கி விடப்போவுது?"



மூத்த மகனை அடக்கம் பண்ணின வருஷம் மைனிக்கு நினைவு வந்தது. ஆறு வயதுப் பிள்ளை. மூன்று நாள் காய்ச்சல்.

அப்போதும் வருஷம் திரும்பவில்லை. அவள் புருஷன்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பெண்களுக்கு நடுவில் உட்கார வைத்தார். ஒரு பூசணிக்காயை அவள் பக்கம் உருட்டிவிட்டுச் சமையல் அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

சுற்றிலும் பாட்டு.

நாலாவது பூசணியில் அவள் வாய் தானாகத் திறந்தது.

உள்ளேயிருந்து ஏதோ ஏறி வந்தது. துக்கம் என்றுதான் முதலில் நினைத்தாள். சந்தோஷம். பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவளுக்கு வரக் கூடாத சந்தோஷம். வெட்கமாக இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை. கர்த்தர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடுத்த பூசணியை வெட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

அடுப்புப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது. "இப்பந்தான் பொம்பளையாளுவ பாட்டு சரியா இருக்கு."

மறுநாள் அவளே எழுந்து அடுப்புப் பற்ற வைத்தாள். அதுவரைக்கும் மாமியார்தான்.

எப்சிபா வழி விட்டாள். அரிவாள்மணையை மட்டும் தரவில்லை. தானே தூக்கிக்கொண்டு, முணுமுணுத்தபடி, பின்னாலேயே வந்தாள்.

பாட்டு தெருமுனையிலேயே கேட்டது.

மைனியின் நடை கொஞ்சம் வேகமானது.

கோயில் பந்தலுக்குள் அவள் நுழைந்ததும் பாட்டு நின்றது. சட்டென்று இல்லை. ஒவ்வொரு வாயாக.

ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். ஒருத்தி கையைப் பிடித்து அழுத்தினாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். எல்லாம் அன்புதான். அந்த அன்பில் பந்தலே வாயடைத்துக் கிடந்தது.

காய் நறுக்கும் சத்தம் மட்டும்.

அவள் ஒரு கத்தரிக்காயை வெட்டினாள். இன்னொன்றை எடுத்தாள். தொண்டையைச் செருமினாள். எல்லாத் தலையும் நிமிர்ந்தது.

குரல் வரவில்லை.

எடுத்துக் கொடுத்தே பழகியவளுக்கு இன்றைக்கு எடுத்துக் கொடுக்க ஒருத்தி வேண்டியிருந்தது. அவள் முகத்துக்கு நேரே யார் துணிந்து முதல் அடியைப் பாடுவார்கள்? அந்த உரிமை அவள் புருஷனோடு கூடப் பிறந்த இரத்தத்துக்குத்தான் உண்டு.

பக்கத்தில் எப்சிபா தலை குனிந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். ராகம் தப்பிவிடும் என்று கோயிலில் உதட்டை மட்டும் அசைக்கிறவள். சீவிய காயின் மேல் கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை.

அவள் எப்சிபாவின் முழங்காலைத் தொட்டாள்.

"நீ எடுட்டி. எங்க தப்பினாலும் நான் வந்து சேர்ந்துக்கிடுதேன்."