ரேணுகாதேவியின் வலது கை

ரேணுகாதேவி புவியியல் தேர்வில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. இருந்தாலும் திருச்சுழி பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, எவ்வளவு மார்க் வரும் என்று மும்முரமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எழுதியவர் வாடிய முகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கணக்கு வாத்தியார் வீரபத்திரன். போன மாதம் ஷேர் ஆட்டோவிலிருந்து விழுந்ததில் அவளுக்கு வலது கையில் மாவுக்கட்டு. அவள் சொல்லச் சொல்ல எழுத, வேறு பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்றார்கள். அந்த வேலை இவர் தலையில் விழுந்தது.

"ஒரு மார்க்குல பதினஞ்சுக்குப் பதினஞ்சு சார்." இடது கையால் வினாத்தாளில் கோணல்மாணலாக டிக் அடித்தாள். "ரெண்டு மார்க்குல பத்து. மூணு மார்க்குல பதினஞ்சு போடலாம்ல?"

"போடலாம் தாயி."

"அஞ்சு மார்க்குலதான் அடி. பத்துக்கு மேல வராது. கடைசிக் கேள்வியத் தொடவே இல்லயே."

அந்தக் கடைசிக் கேள்வி அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். நேரம்தான் இல்லை. ஒரு மார்க் கேள்விகளிலேயே பாதி நேரம் போய்விட்டது.

ஒவ்வொன்றுக்கும், "அ சார்... இல்ல, இருங்க... இ" என்று இழுத்தாள். வீரபத்திரன் அரசு வேலைக்காகப் பத்து வருடம் பரீட்சை எழுதிய மனிதர். பதினைந்துக்கும் விடை அவருக்குத் தெரியும். தப்பான விடையை எழுத அவருக்குக் கை கூசும், பேனா தாளைத் தொடாமல் நிற்கும். அவளாக மாற்றிச் சொன்ன பிறகுதான் நிம்மதியாக மூச்சு விடுவார். உலக வரைபடத்தில் சூயஸ் கால்வாயைத் தேடி அவளுடைய விரல் ஆப்பிரிக்கா முழுக்க ஊர்வலம் போனபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைத்தான் பார்த்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. காலையில் பள்ளி வாசலிலேயே அவளுடைய அப்பா ஜெயபாண்டி அவரை மறித்துவிட்டார்.

"சார், கொஞ்சம் பாத்து எழுதிவிடுங்க. புவியியல்ல எம்பது வந்தா காலேஜுல சேத்துவிடுறேன்னு பிள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன். வரலேன்னா ஜூன் மாசம் மில்லு வேலைக்கு வேன்லதான் ஏத்தணும். வீட்டுல அப்படித்தான் பேச்சு."

"நான் அந்தப் பிள்ளைக்குக் கை மட்டும்தான். வாய் கிடையாது," என்று வெட்டிவிட்டார் வீரபத்திரன்.

அப்போது பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது. ஒரு பிள்ளையின் படிப்பைவிடத் தன் பெருமை பெரிதாகப் போய்விட்டதே என்று உள்ளுக்குள் புழுங்கினார்.

"எவ்வளவு ஆச்சு தாயி?"

"அம்பது சார். செய்முறைக்கும் இன்டர்னலுக்கும் முப்பது முழுசா வரும்னு மிஸ் சொல்லியிருக்காக. எல்லாஞ் சேத்து எம்பது. கரெக்டா எம்பது."

திருத்துகிறவர் ஒரே ஒரு மார்க்கில் கை வைத்தாலும் தீர்ந்தது. அந்தக் கடைசிக் கேள்வியை எழுதியிருந்தால் எண்பத்தைந்தே வந்திருக்கும், யார் கை வைத்தாலும் பயமில்லை.

ரேணுகாதேவியின் போன் அடித்தது. ஜெயபாண்டிதான்.

"வருமாத்தா?"

"எம்பது வரும்ப்பா. இழுத்துப்பிடிச்சு வரும்."

"சார்கிட்டக் குடு."

வீரபத்திரன் தயங்கித் தயங்கி வாங்கிக் காதில் வைத்தார்.

"சார், காலைல நான் கேட்டது தப்பு. மனசுல வச்சுக்கிராதீக," என்றார் ஜெயபாண்டி. "பிள்ளை சொந்தமா வாங்குன மார்க்குன்னு தெருவுல தலை நிமிந்து சொல்லுவேன். நீங்க நேர்மையான மனுசன் சார்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். வீரபத்திரன் போனைத் திருப்பிக் கொடுத்தார். இனிமேல் மனசில் வைத்துக்கொள்ள முடியாது என்று தோன்றிவிட்டது.

"தாயி, என்னய மன்னிச்சிரு."

"எதுக்கு சார்?"

"அந்தப் பதினஞ்சுக்கும் எனக்குப் பதில் தெரியும். நீ தவிச்சப்ப ஒரு கண்ண அசைச்சிருந்தாப் போதும், அரை மணி நேரம் மிச்சம். அந்தக் கடைசிக் கேள்விய எழுதியிருப்ப. நான் ஒண்ணுமே செய்யாமக் கல்லு மாதிரி உக்காந்திருந்துட்டேன். உனக்கு நான் பாவம் பண்ணிட்டேன்."

எம்.ரெட்டியபட்டி பஸ் வந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது. ரேணுகாதேவி வினாத்தாளை மடித்துப் பையில் வைத்தாள். அவரை இரக்கத்தோடு பார்த்தாள்.

"அந்தப் பதினஞ்சுல எனக்கு அஞ்சுகூடத் தெரியாது சார்."

வீரபத்திரன் எழுந்தவர் அப்படியே நின்றார். "பெறகு எப்படிம்மா எல்லாம் சரியாச் சொன்ன?"

"உங்க பேனா ஓடுனாத்தான் சார் நான் அடுத்த கேள்விக்கே போனேன்."